நான்கு மாணவர்களும் ஏழு இதழ்களும்

ஏடுகள் நடந்த பாதை – 9

1956 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடியும் நேரத்தில் சோவியத் டாங்கிகள் இரண்டாம் முறையாகப் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்தன. அன்று பிற்பகல் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் ஏறத்தாழ 30,000 பேர் கூடி, எகிப்தின் மீது குண்டு போடுவதை நிறுத்தச் சொல்லித் தங்கள் சொந்தப் பிரதமருக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள். கோஷம் பலிக்கவில்லை. மறுநாள் காலை பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பாராசூட் வீரர்கள் சூயஸ் கால்வாயின் வாசலில் இருக்கும் போர்ட் சையது நகரில் குதித்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் இடதுசாரிக் கருத்தோடு படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வாரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தலைகுனிவுதான். ஏகாதிபத்தியம் ஒழிந்துவருகிறது என்று நினைத்திருந்தார்கள். அது விமானமேறி எகிப்தில் போய் இறங்கியது. சோஷலிசம் தொழிலாளிகளின் பக்கம் என்று நம்பியிருந்தார்கள். அது புடாபெஸ்டில் தொழிலாளிகளையே சுட்டது. ஹங்கேரியில் அக்டோபர் 23 அன்று முதலில் தெருவுக்கு வந்தவர்கள் மாணவர்கள் என்பது இந்த மாணவர்களைக் கூடுதலாகவே உறுத்தியது.

சூயஸ் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் கடைசியில் பாரிஸுக்கு அருகில் செவ்ர் என்ற ஊரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகக் கூடித் திட்டம் தீட்டின: இஸ்ரேல் தாக்கும், மற்ற இருவரும் சண்டையை விலக்கிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வருவார்கள். அப்படி ஒரு முன்னேற்பாடே கிடையாது என்று டிசம்பர் 20 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார் பிரதமர் ஆண்டனி ஈடன். மூன்றே வாரத்தில் பதவியை விட்டுப் போனார். ஈடன் ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்காரர். 1956 ஏப்ரலில் இலங்கைப் பிரதமரான பண்டாரநாயக்கவும் 1920-களில் அதே கல்லூரியில் படித்தவர்தான். ஒரே கல்லூரியின் பழைய மாணவர் இருவரில் ஒருவர் போரைத் தொடங்கினார், மற்றவர் அதைக் கண்டித்தார்.

பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளின் பத்திரிகை நிலை இன்னும் மோசம். கட்சி நாளேடான டெய்லி ஒர்க்கர் தன் நிருபர் பீட்டர் ஃப்ரையரைப் புடாபெஸ்டுக்கு அனுப்பியிருந்தது. அவர் கண்ணால் கண்டதை எழுதி அனுப்பினார். ஆசிரியர் குழு அதை வெட்டியது, பிறகு அச்சிடவே மறுத்தது. ஃப்ரையர் வேலையை உதறினார், நடந்ததை அதே ஆண்டில் தனிப் புத்தகமாக எழுதினார், கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவரைப் போலப் பல்லாயிரம் பேர் அடுத்த இரண்டு ஆண்டுகளில் கட்சியை விட்டு வெளியேறினார்கள். வெளியே வந்தவர்கள் எதைப் படிப்பது? தங்கள் கேள்விகளை எங்கே எழுதுவது? இந்தத் தொடரில் முன்பு பார்த்த லெஃப்ட் ரிவியூ 1938-லேயே நின்றுவிட்டது. இடம் காலியாக இருந்தது.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் பெரிய எழுத்தாளர்களோ தலைவர்களோ அல்ல. படிப்பு முடிந்தும் முடியாமலும் இருந்த நான்கு இளைஞர்கள். மூத்தவருக்கே 26 வயது நிரம்பவில்லை.

முதலாமவர் ஸ்டூவர்ட் ஹால். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1932-ல் பிறந்தவர். 1951-ல் தாயாரோடு கப்பலேறி வந்து மெர்ட்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தார். ஹென்றி ஜேம்ஸ் நாவல்களைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கியிருந்தார். அது முடியவே இல்லை. இரண்டாமவர் சார்லஸ் டெய்லர், கனடாவின் மாண்ட்ரியால்காரர். வீட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து வளர்ந்தவர், பேலியல் கல்லூரியில் தத்துவம் படித்தவர். ஹங்கேரி ரத்தக்களறிக்குப் பிறகு வியன்னாவுக்குப் போய், எல்லை தாண்டி ஓடிவந்த மாணவ அகதிகளுக்கு உதவினார். மூன்றாமவர் ரஃபேல் சாமுவேல், லண்டன் யூதக் கம்யூனிஸ்ட் குடும்பத்துப் பிள்ளை. நால்வரில் இளையவர், ஓயாமல் ஓடியாடிக் காரியம் செய்கிறவர். நான்காமவர் கேப்ரியல் பியர்சன், இலக்கிய விமர்சகர். சாமுவேலும் பியர்சனும் 1956-ல் கட்சியை விட்டு வந்தவர்கள். ஹாலும் டெய்லரும் கட்சிக்குள் போகவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹாலும் டெய்லரும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தது ரோட்ஸ் உதவித்தொகையில். ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் கொடியைக் கெய்ரோ வரை நட்டுவிடக் கனவு கண்ட செசில் ரோட்ஸின் பணம் அது. சாம்ராஜ்யத்துக்குத் தலைவர்களைத் தயாரிக்கப் போட்ட முதலீடு, சாம்ராஜ்யத்தை விசாரிக்கும் பத்திரிகைக்கு ஆசிரியர்களைத் தயாரித்துக் கொடுத்தது.

பத்திரிகைக்கு வைத்த பெயர் யூனிவர்சிட்டீஸ் அண்ட் லெஃப்ட் ரிவியூ. மாணவப் பத்திரிகைக்கு இவ்வளவு நீளமாகவா பெயர் வைப்பது என்று கேட்கத் தோன்றும். 1930-களின் லெஃப்ட் ரிவியூவின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் ஆசை அதில் இருந்தது. வாசகர்கள் முதலெழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு யூ.எல்.ஆர். என்று சுருக்கிவிட்டார்கள்.

1957 வசந்த காலத்தில் முதல் இதழ் வந்தது. பொருளடக்கத்தைப் பார்த்தால் மாணவர்கள் நடத்துவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். டிராட்ஸ்கியின் வரலாற்றை எழுதிய ஐசக் டாய்ச்சர், ஸ்டாலினுக்குப் பிந்தைய ரஷ்யா எங்கே போகிறது என்று எழுதியிருந்தார். நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சுத் தலைமறைவு இயக்கத்தின் முன்னணி வீரரும் பாரிஸ் வார இதழ் ஒன்றின் ஆசிரியருமான குளோத் பூர்தே, பிரெஞ்சு இடதுசாரிகளின் நிலையைப் பற்றி எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டின் மூத்த பேராசிரியர் ஜி.டி.எச். கோல் பிரிட்டிஷ் முதலாளித்துவத்தின் புதிய முகத்தை ஆராய்ந்தார். வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் மார்க்சியத்தைப் பற்றி, இன்னொரு வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் அறிவுஜீவிகளின் கடமையைப் பற்றி, திரைப்பட இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சன் சினிமா விமர்சனம் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதைப் பற்றி. கூடவே நகரமைப்பைப் பற்றியும் ஒரு கட்டுரை.

இத்தனை பெரியவர்கள் ஏன் இந்தப் பையன்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள்? அவர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். கட்சி ஏடுகள் டாய்ச்சரைத் தொடாது. லேபர் கட்சியின் ஏடுகளில் நீண்ட தத்துவச் சண்டைக்கு இடம் கிடைக்காது. பல்கலைக்கழக ஆய்விதழ்களுக்கு அரசியல் வாடை ஆகாது. எந்த அணியிலும் சேராத, இழப்பதற்குப் பெயரோ பதவியோ இல்லாத நான்கு பேர் கேட்டபோது பெரியவர்களுக்கு எழுதுவது எளிதாக இருந்தது. மாணவப் பத்திரிகைக்கு அனுபவம் குறைவு என்பார்கள். இங்கே அந்தக் குறையே முதலாக நின்றது.

இதழ் விற்றுத் தீர்ந்தது, மறுபடி அச்சேறியது. வாசகர்களை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாமே என்றார் சாமுவேல். லண்டன் சவுதாம்ப்டன் ரோ பகுதியில் ஒரு பழைய ஹோட்டலில் இடம் பிடித்து, டாய்ச்சரைப் பேச அழைத்தார்கள். சில டஜன் பேர் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தார்கள். வந்தவர்கள் சுமார் 700 பேர். அன்று தொடங்கிய வாசகர் கூட்டம் பிறகு யூ.எல்.ஆர். கிளப் ஆனது, வாரந்தோறும் கூடியது. சில ஆண்டுகளில் இதே பாணியில் பிரிட்டன் முழுக்க நாற்பது இடங்கள் அளவில் இடதுசாரி மன்றங்கள் முளைத்தன. பத்திரிகை விற்பனை சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. அதைச் சுற்றிக் கூடிப் பேசியவர்கள்தான் அதன் உண்மையான பலம்.

பொதுவாக உலக விவகாரம் எழுதும் மாணவ ஏடுகளுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியுறவுத் துறை அமைச்சர் நாற்காலியில் தாங்களே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, ‘வல்லரசுகள் செய்யவேண்டியவை’ என்று பட்டியல் போடுவார்கள். யூ.எல்.ஆர். இந்த வியாதியிலிருந்து பெரும்பாலும் தப்பியது. காரணம், அதை நடத்தியவர்களுக்கு ‘வெளிநாடு’ என்பது வெளியே இல்லை. ஹாலின் ஊர் அப்போதும் பிரிட்டிஷ் காலனி. ஜமைக்கா விடுதலை அடைந்தது 1962-ல்தான். டெய்லர் ஹங்கேரி அகதிகளை முகம் பார்த்துப் பேசியவர். சாமுவேலுக்கு மாஸ்கோவின் திருப்பங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைப் பேச்சு. ‘புதிய இடது’ என்ற பெயரே பூர்தேயின் பிரெஞ்சு வட்டாரத்திலிருந்து வந்ததுதான். அல்ஜீரியாவில் பிரான்ஸ் நடத்திய போரை நேரடியாக எதிர்த்தவர்களின் வட்டாரம் அது.

அணு ஆயுத விஷயத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. பிரிட்டன் 1957-ல் பசிபிக் கடலில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. 1958 பிப்ரவரி 17 அன்று லண்டனில் அணு ஆயுத ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. அந்த ஈஸ்டர் விடுமுறையில் டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து ஆல்டர்மாஸ்டன் ஆயுத ஆய்வுக்கூடம் வரை நான்கு நாள் நடைப்பயணம் நடந்தது. யூ.எல்.ஆர். கூட்டம் அதில் முன்வரிசை. குண்டைக் கைவிடுவது மட்டும் போதாது, நேட்டோவிலிருந்தும் விலகவேண்டும் என்று புதிய இடதுசாரிகள் வாதிட்டார்கள். வாஷிங்டனும் வேண்டாம், மாஸ்கோவும் வேண்டாம். 1955-ல் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆப்பிரிக்க நாடுகளோடு, இந்தியாவும் யூகோஸ்லாவியாவும் போல, பிரிட்டனும் நிற்கட்டும் என்பது அவர்களின் வாதம். நேருவின் அணிசேராக் கொள்கையை லண்டனுக்குச் சிபாரிசு செய்த ஆங்கிலேயர்கள் அன்று அதிகம் இல்லை.

அதே பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டின் இன்னொரு மாணவ ஏடு மாட்டிக்கொண்ட கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1892-ல் தொடங்கிய ஐசிஸ், மாணவர்களே நடத்திவந்த, அன்று வாரந்தோறும் வந்த ஏடு. நாடகம், விருந்து, கல்லூரி வம்பு எல்லாம் அதில் வரும். 1958 பிப்ரவரி 26 இதழை முழுக்க ஹைட்ரஜன் குண்டுக்கு ஒதுக்கினார்கள். அதில் பெயர் போடாத ஒரு கட்டுரை: சோவியத் எல்லை நெடுக பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்பு நிலையங்கள் இருக்கின்றன, எதிரியின் ரேடார்களைச் சீண்டிவிட்டு, அவர்கள் பதறிப் பேசுவதைப் பதிவு செய்வதற்காக விமானங்களும் படகுகளும் வேண்டுமென்றே எல்லை தாண்டுகின்றன. எழுதியவர்கள் பால் தாம்சன், வில்லியம் மில்லர் என்ற இரு மாணவர்கள். கட்டாய ராணுவ சேவையைக் கடற்படையில் முடித்துவிட்டுப் படிக்க வந்தவர்கள். காதால் கேட்டுப் பழகிய வேலையைத்தான் எழுதியிருந்தார்கள்.

அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்கு. ஜூலையில் இருவருக்கும் மூன்று மாதச் சிறை. அந்த நிலையங்களை நடத்திய ஜி.சி.எச்.கியூ. என்ற அமைப்பின் உண்மை வேலை பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவர இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டு ஆனது. லண்டனின் பெரிய நாளேடுகள் எழுதாத ஒன்றை ஒரு கல்லூரி ஏடு எழுதியது. அரசு கொடுத்த தண்டனையே அந்தச் செய்திக்குச் சான்றிதழ்.

யூ.எல்.ஆருக்குச் சிறை வரவில்லை. கடன் வந்தது. அதற்குக் காரணம் ஒரு காபிக் கடை.

பத்திரிகை அலுவலகம் லண்டனுக்கு மாறியிருந்தது. வாசகர்கள் வந்து உட்கார்ந்து பேச இடம் வேண்டும் என்று சாமுவேல் பிடிவாதம் பிடித்தார். சோஹோ பகுதியில் கார்லைல் தெரு 7-ஆம் எண் கட்டடத்தில் 1958 அக்டோபரில் பார்ட்டிசன் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. மேலே பத்திரிகை ஆபீஸ், கீழே கடை. அந்தத் தெரு டீன் தெருவைத் தொடுகிறது. நூறாண்டுக்கு முன் மார்க்ஸ் குடும்பத்தோடு வறுமையில் வாழ்ந்தது அந்த டீன் தெருவில்தான். ரஷ்ய பீட்ரூட் சூப், ஐரிஷ் குழம்பு, கிழக்கு லண்டன் யூதர்களின் பாலாடைக்கட்டி கேக், வியன்னா காபி என்று உணவுப் பட்டியலிலேயே சர்வதேசியம் மணத்தது. சதுரங்கப் பலகைகள் இருந்தன, சுவரில் படங்கள் இருந்தன. வந்தவர்கள் ஒரு கப் காபியை வைத்துக்கொண்டு அல்ஜீரியாவிலிருந்து இங்மார் பெர்க்மன் படங்கள் வரை நான்கு மணி நேரம் பேசினார்கள். உளவுத் துறை ஆட்களும் வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். காசு கொடுத்துச் சாப்பிட்ட ஒழுங்கான வாடிக்கையாளர்கள் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராக இருந்த ஹாப்ஸ்பாம், பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றில் இந்த விபரீத வியாபாரத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். 1960-களின் தொடக்கத்திலேயே கடை மூடப்பட்டது.

கடை நஷ்டம்தான், ஆனால் அது இல்லாமல் அடுத்த வேலை நடந்திருக்காது. கடை திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1958 ஆகஸ்ட் கடைசியில், மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பின மக்களை வெள்ளைக்கார இளைஞர் கும்பல்கள் தேடித் தேடித் தாக்கின. ஹால் அப்போது தெற்கு லண்டனில் ஒரு பள்ளியில் ஆசிரியர். பகலில் பாடம், மாலையில் சோஹோவில் பத்திரிகை, இரவு கடைசிப் பஸ்ஸில் வீடு. தன் வகுப்புப் பையன்களில் சிலரே அந்தக் கும்பல்களோடு சேர நாட்டிங் ஹில் போய்வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. ஏகாதிபத்தியம் என்று நான்காவது பக்கத்தில் எழுதிய சங்கதி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. யூ.எல்.ஆர். கிளப்பைச் சேர்ந்தவர்கள் நாட்டிங் ஹில் போய், குடியிருப்போர் சங்கங்கள் அமைப்பதில் இறங்கினார்கள். 1959 இலையுதிர் காலத்தில் வந்த ஏழாவது இதழில், இந்தப் பையன்களின் தலைமுறையைப் பற்றி ஹால் எழுதிய நீண்ட கட்டுரையை யூ.எல்.ஆரின் மிகச் சிறந்த பக்கங்கள் என்று சொல்லலாம். உலக அரசியலும் வகுப்பறையும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும் எழுத்து அது.

ஏழாவதே கடைசி இதழ். பணம் ஒரு காரணம், களைப்பு இன்னொன்று. அதைவிட முக்கியம், வடக்கே இருந்த அண்ணன்மார். யார்க்ஷயரில் இ.பி. தாம்சனும் ஹல் நகரில் ஜான் சேவிலும் 1956-ல் கட்சிக்குள் இருந்துகொண்டே ரீசனர் என்ற ஏட்டைத் தாங்களே தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் போட்டு வெளியிட்டவர்கள். கட்சி நடவடிக்கை எடுத்தது. வெளியே வந்து 1957-லிருந்து நியூ ரீசனர் நடத்தினார்கள். இத்தாலியில் டாங்கிப் படையில் போரிட்ட தலைமுறை அது. அவர்களுக்குத் தொழிற்சங்கமும் கட்சி வரலாறும் முக்கியம். சினிமா, இளைஞர் உடை, விளம்பரம் என்று எழுதும் சோஹோப் பிள்ளைகள் மேல் அன்பும் எரிச்சலும் சம அளவில் இருந்தன. இரண்டு ஏடுகளுக்கும் வாசகர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்; கைமுதல் இரண்டிடமும் இல்லை. இணைத்தார்கள். 1960 ஜனவரி–பிப்ரவரியில் நியூ லெஃப்ட் ரிவியூ பிறந்தது. ஆசிரியர் ஸ்டூவர்ட் ஹால், வயது 27. ஆசிரியர் குழுவிலோ இருபதுக்கும் மேற்பட்ட பெரிய தலைகள்.

அந்தக் குழுவே அவரைச் சோர வைத்தது. 1961 முடிவில் விலகினார். அடுத்து வந்த பெரி ஆண்டர்சனும் ஆக்ஸ்ஃபோர்டில் நியூ யூனிவர்சிட்டி என்ற மாணவ ஏட்டை நடத்திப் பழகிய கைதான். அவருடைய கையில் பத்திரிகை கனமானது, ஐரோப்பியத் தத்துவம் ஏறியது, கிளப்புகள் மறைந்தன. தரம் உயர்ந்ததா என்றால் உயர்ந்தது. 700 பேர் கூட்டத்துக்கு வருவது நின்றதா என்றால் அதுவும் நின்றது.

யூ.எல்.ஆரின் குறைகளைச் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது. ஆசிரியர் நால்வரும் ஆண்கள். சந்தா, கணக்கு, தட்டச்சு, கடை நிர்வாகம் என்று பாரம் சுமந்த பெண்களின் பெயர் அட்டையில் வரவில்லை. பெண்களின் பிரச்சினை என்ற ஒன்று இருப்பதே அன்று தங்களுக்கு உறைக்கவில்லை என்று ஹாலே பின்னாளில் ஒப்புக்கொண்டார். தொழிலாளி வர்க்கத்தைப் பற்றி நிறைய எழுதிய ஏட்டைத் தொழிலாளிகள் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதும் நியாயமான கேள்விதான்.

ஆசிரியர்கள் கலைந்த திசைகள் சுவாரஸ்யமானவை. டெய்லர் கனடா திரும்பி, 1965 தேர்தலில் மாண்ட்ரியால் தொகுதி ஒன்றில் பியர் ட்ரூடோவை எதிர்த்து நின்று தோற்றார். ட்ரூடோ பிரதமரானார், டெய்லர் உலகறிந்த தத்துவ அறிஞர் ஆனார். சாமுவேல் ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியில் தொழிலாளி மாணவர்களைக் கொண்டே தொழிலாளிகளின் வரலாற்றை எழுதவைத்து, ஹிஸ்டரி ஒர்க்ஷாப் என்ற இயக்கத்தை உருவாக்கினார். பியர்சன் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியர். ஹால் 1964-ல் பர்மிங்ஹாம் சென்று, பண்பாட்டு ஆய்வு என்ற துறையையே நிறுவியவர்களில் ஒருவரானார். 2014 பிப்ரவரியில் லண்டனில் காலமானார். ஆய்வேட்டைக் கடைசிவரை முடிக்கவில்லை. பேராசிரியர் பதவி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

நியூ லெஃப்ட் ரிவியூ இன்றும் ஆண்டுக்கு ஆறு இதழ்களாக வருகிறது. அலுவலகம் இன்னும் சோஹோவில்தான் இருக்கிறது, மீர்ட் தெருவில். பார்ட்டிசன் இருந்த இடத்திலிருந்து சில நிமிட நடை.

(தொடரும்)